குதிரைக் குயில்: அகராதி சரி, படமும் சரி

ஐஸ்லாந்துப் பறவைப் பட்டியலில் ஹ்ரொஸ்ஸகோய்க்குர் என்ற பெயரை அகராதியில் பார்த்தால் 'குதிரைக் குயில்' என்று வருகிறது, படத்திலோ உள்ளான் இருக்கிறது, எது தப்பு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். ஹ்ரொஸ் என்றால் குதிரை, கோய்க்குர் என்றால் குயில். பறவை மட்டும் உள்ளான்.

குதிரை எங்கிருந்து வந்தது என்றால், அதன் வாலிலிருந்து. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் உள்ளான் உயரே போய்ச் சரேலென்று சரிந்து இறங்கும்போது வாலின் இரண்டு ஓர இறகுகளையும் விறைப்பாக விரிக்கும், காற்று பட்டு அவை அதிர்வதில் தூரத்தில் குதிரை கனைப்பதுபோல ஒரு நடுங்கும் ஒலி எழும். தொண்டைக்கு இதில் வேலையே இல்லை! அதே ஒலி ஜெர்மன்காரர்களுக்கு ஆட்டின் கத்தலாகக் கேட்டிருக்கிறது, அவர்கள் வைத்த பெயர் 'வானத்து ஆடு'.

அப்புறம் குயில். ஐஸ்லாந்தில் குயில் இனப்பெருக்கம் செய்வதில்லை, எப்போதாவது வழிதவறி வருவதோடு சரி. ஸ்வீடனில் வசந்தத்தின் முதல் குயில் எந்தத் திசையில் கூவுகிறதோ அதை வைத்துச் சகுனம் பார்ப்பார்கள். ஐஸ்லாந்தில் அதே சகுனத்தை உள்ளானின் ஒலிக்குப் பார்க்கிறார்கள்: தெற்கில் கேட்டால் நல்லது, மேற்கில் கேட்டால் கஷ்டம். குயிலின் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.