அட்டையில் வந்த வசனம்

அன்புள்ள அண்ணன்,

கருங்கல் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பெண்கள் வேத வாசிப்புக் குழுவை ஆறு வருஷமாக நடத்தி வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முக்கால் மணி நேரம். ஒரு மாதாந்திர தியானப் புத்தகம் வாங்கி ஆளுக்கொரு பக்கம் வாசிப்போம். பன்னிரண்டு பேர் வந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். எல்லாருக்கும் காலையிலேயே போனில் வசனம் வந்துவிடுகிறது, வாசித்துவிட்டோம் என்கிறார்கள். ஆட்கள் திரும்ப வர எந்தத் தியானப் புத்தகத்தை எடுக்கலாம்? பழைய மொழிபெயர்ப்பா, புதியதா? போனைப் பார்த்து வாசிக்கலாமா? பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கச் சகோதரிகள் இருவர் வரட்டுமா என்று கேட்கிறார்கள், சேர்க்கலாமா?

இன்னொன்று. குழுவில் ஒரு அக்காவின் கணவர் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், ஜூலையில் இறந்துவிட்டார். புத்தாண்டு ராத்திரி சபையில் அந்த வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் அவர்களுக்கு வந்தது எரேமியா 29:11, தீமைக்கல்ல சமாதானத்துக்கே என்கிற வசனம். "அந்த அட்டை எனக்கு மாறி வந்துட்டா?" என்று கேட்டார்கள். கர்த்தருடைய நேரத்தில் எல்லாம் நடக்கும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி. 1871ல் வந்த பழையதும் இருக்கட்டும், 1995ல் வந்த திருவிவிலியமும் இருக்கட்டும், வயசானவர்கள் கண்ணுக்கு எழுத்துத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். போனைப் பார்த்து வாசிக்கலாம், சார்ஜ் இருந்தால். கத்தோலிக்கச் சகோதரிகளைச் சேர்க்கலாமா என்பதை என்னிடம் கேட்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா? நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நான்கு கேள்வி கேட்டுவிட்டு, போகிற போக்கில் "இன்னொன்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் வேறு வேலை பார்க்கவில்லை. கர்த்தருடைய நேரத்தில் நடக்கும் என்று சொன்னீர்களாம். ஆள் செத்து அடக்கம் செய்தபிறகு எந்த நேரத்தில் அம்மா? நீங்கள் கெட்ட மனசில் சொல்லவில்லை, தெரியும். வாயில் தயாராக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நம் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் அந்த அக்கா கேட்டது ஒரு நேரான கேள்வி, அதற்குப் பதில் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆறு வருஷம் குழு நடத்தியவர் அந்த அதிகாரத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம்.

அட்டை விஷயத்தில் நான் யோக்கியன் இல்லை, முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயது, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு மணி அடித்து எல்லாரும் கைகொடுத்து முடித்தபின் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு வந்த அட்டையில் படம் நன்றாக இல்லை. திரும்பத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். தட்டைப் பிடித்திருந்த கமிட்டிக்காரர் பார்த்துச் சிரித்தார். கடவுள் எனக்கென்று அந்த வருஷத்துக்கு அனுப்பியதை நான் மாற்றிக்கொண்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய்" என்று ஏசாயா எசேக்கியா ராஜாவிடம் சொன்னாரே, அதுவும் வசனம்தான், அதை யாராவது அட்டையில் அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இனிக்கிறதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தட்டில் போட்டால் கை வைக்கிற இடமெல்லாம் இனிக்கத்தானே செய்யும்.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பாட்டா, அதாவது தாத்தா, பனையேறி. பங்குனி சித்திரையில் வீட்டுப் பின்னால் கருப்பட்டிக்கு அக்கானி (பதநீர்) காய்ச்சுவார்கள். காலையில் இறக்கிய அக்கானியைப் பானையில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரித்து, மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை பொங்கினால் ஆமணக்குக் கொட்டையை நசுக்கிப் போடுவாள், சட்டென்று அடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புப் பையனான நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும். எத்தனை அதிகாரம் என்று கணக்குக் கிடையாது. சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள், உருண்டு நின்றால் அன்றைய வாசிப்பு முடிந்தது. உருளவில்லையென்றால், "பொறவு என்னாச்சு மக்கா?" என்பாள், நான் அடுத்த அதிகாரத்துக்குப் போவேன். இப்படியே யோசேப்பு குழியில் விழுந்ததிலிருந்து எகிப்தில் அண்ணன்மாரைக் கண்டு அழுததுவரை ஒரே காலையில் வாசித்திருக்கிறேன்.

ஒரு வருஷம் பாட்டா பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு போய்விட்டது. பதினொரு மாதம் திண்ணையில் கிடந்து இறந்தார். விழுந்த முதல் வாரம் வீட்டுக்கு ஜெபிக்க வந்த சபை ஊழியரான உபதேசியார் வாசித்தது இதே எரேமியா 29:11தான். உங்கள்பேரில் நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற அந்த வசனத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனார். பாட்டி சும்மா பழக்கத்தில் கேட்டாள், "இது யாருக்கு எழுதினது? பொறவு என்ன?"

அவர் நல்ல மனுஷன். மூடின புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். ஒரு அதிகாரம் பின்னால் போய் 28லிருந்து வாசித்தார். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லார் முன்னாலும் பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து முறித்துப் போட்டு, இரண்டே வருஷத்தில் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களெல்லாம் திரும்பிவிடுவார்கள் என்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! இன்றைக்கு இருந்தால் அந்த ஆளைத்தான் நாம் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணக் கூப்பிடுவோம். அதற்கப்புறம்தான் எரேமியா பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறார். ஆமாம், 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து வையுங்கள், உங்களைப் பிடித்துவைத்திருக்கிற அந்த ஊர் நன்றாக இருக்கவே ஜெபம் பண்ணுங்கள், திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறார். 70 வருஷம் என்பது 10ஆம் வசனம். அதற்கு அடுத்த வசனம்தான் அந்த அக்காவின் அட்டையில் இருப்பது.

பாட்டி அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "எழுவது வருஷம்னா கடுதாசியக் கேட்டவங்க முக்காவாசிப் பேரும் அங்கயே செத்திருப்பாங்களே." உபதேசியார் ஆமாம் என்றார். "பனை வச்சவன் பார்த்துச் சாவான்னு சொல்லுவாங்க. அது மாதிரி" என்றாள் பாட்டி. திண்ணையில் கிடந்த பாட்டா, "எனக்கு அது போதும்" என்றார். என்ன போதும் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதினொரு மாதத்தில், வசனம் ஏன் பலிக்கவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் தாங்கள் உயிரோடு பார்க்கப்போகாத ஒன்றைச் சொல்கிறது என்று தெரிந்தே வைத்திருந்தார்கள்.

அதனால் அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் இது: அட்டை மாறி வரவில்லை. அட்டையில் பாதிக் கடிதம்கூட இல்லை, ஒரு வரி வந்திருக்கிறது. யாராவது உங்களுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி, தபால்காரர் நடுவில் ஒரு வரியைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அவரைச் சும்மா விடுவீர்களா?

வசன எண்ணெல்லாம் நேற்று வந்தது. அதிகாரம் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன். புதிய ஏற்பாட்டில் இன்று இருக்கிற வசன எண்ணைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551ல். அதற்கு முன்னால் இருந்த ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருஷம் பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், இன்ன வசனம் என்று யாரும் எண் சொல்லிக் கேட்டிருக்க முடியாது. இந்த நிருபம் உங்களிடத்தில் வாசிக்கப்பட்டபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு அவரே எழுதுகிறார். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் காதால் கேட்பார்கள். நம் குமரி மாவட்டத்திலும் 1809ல் மயிலாடியில் சபைக் கோயில் எழும்பிய காலத்தில் எழுத்துத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காதால் கேட்டு வளர்ந்த சபை இது. என் பாட்டிவரைக்கும் அப்படித்தான்.

ஒரு நாளைக்கு ஒரு வசனம் என்பது போன் வந்து கெடுத்தது என்றும் சொல்லாதீர்கள். 1728ல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊரில் சின்சென்டார்ஃப் பிரபு ஆரம்பித்தது அது. 1731லிருந்து வருஷா வருஷம் புத்தகமாக வருகிறது, பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றைக்கும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் அந்த ஊரின் 32 வீடுகளுக்கும் காலையில் ஆள் நடந்துபோய் வாசலில் நின்று வசனத்தைச் சொன்னார்கள். வாசலுக்கு வந்த ஆளுக்கு வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், அடுப்பு எரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காலை ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு நாற்பது பேருக்கு ஃபார்வர்ட் செய்கிறவருக்கு அது தெரியாது. அந்த அக்காவின் போனுக்கும் தினமும் வந்துகொண்டுதான் இருக்கும், ஜூலையிலும் வந்திருக்கும்.

ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அந்த டிசம்பரில் தூத்தூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். அன்பியக் கூட்டம், அதாவது கத்தோலிக்கர் அக்கம்பக்கத்து வீடுகளாகச் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம், நடந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போனவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாத வீடு. ஒரு அம்மா வேதத்திலிருந்து 88ஆம் சங்கீதத்தை முழுசாக வாசித்தார். உம் அலைகளெல்லாவற்றாலும் என்னை வருத்தப்படுத்துகிறீர் என்று வருகிறதே, அங்கே அவர் குரல் நின்றது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, அவரே திரும்ப ஆரம்பிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்தச் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது. வாசித்து முடித்ததும் எழுந்துபோய்க் கட்டன்சாயா போட்டார்கள். கத்தோலிக்கச் சகோதரிகளைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள் இல்லையா, அதனால் இது ஞாபகம் வந்தது.

புத்தகம் எது என்று கேட்டதை மறந்தே போனேன். எதுவும் வாங்க வேண்டாம். தியானப் புத்தகம் தப்பு என்று சொல்லவில்லை, நான் வைத்திருக்கிறேன், காய்ச்சலில் படுத்திருக்கும்போது வாசிப்பேன். ஆனால் அதில் மேலே ஒரு வசனம், நடுவில் யாரோ ஒருவருடைய அனுபவம், கீழே ஒரு ஜெபம் என்று எல்லாம் அவரே மென்று கொடுத்துவிடுவதால் உங்கள் குழுவில் யாருக்கும் "பொறவு என்ன" என்று கேட்க இடமே இல்லை. ஐந்து பேர் மிச்சம் இருப்பதே அதிசயம்.

வேதத்தில் ரூத்தின் புத்தகத்தை எடுங்கள். நாலு அதிகாரம், 85 வசனம், நாலு வெள்ளிக்கிழமை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும், வசனத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி வாசிக்கும் அந்தப் பள்ளிக்கூட வேலை வேண்டாம். உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம் என்று கல்யாணப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அது மாப்பிள்ளை பெண்ணிடம் சொன்னதில்லை, புருஷனைப் பறிகொடுத்த மருமகள், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த மாமியார் நகோமியிடம் நடுவழியில் சொன்னது.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். குழுவோடு போகாதீர்கள், தனியாகப் போங்கள். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். எரேமியா கடிதத்தை முதலிலிருந்து வாசிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழுவுக்கு வந்தார்களென்றால், முதல் வாரம் நகோமி ஊருக்குத் திரும்பி, என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்று சொல்கிற இடம் வரும். கசப்பு என்று அர்த்தம். அதைக் கேட்டு யாராவது அழலாம். உடனே யாராவது ஒருவர், கடைசி அதிகாரத்தில் பேரன் பிறக்கிறான் அக்கா, தாவீது ராஜாவே அந்த வம்சம்தான் என்று ஆறுதல் சொல்ல வாயெடுப்பார். அது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். சொல்லாதீர்கள். அதற்கு இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்