பிளாக் இருக்கும்போது மறுபடி எதற்குக் கத்தி?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது. கடலூரில் தொப்புளுக்குக் கீழே வெட்டிக் கொழுப்பு எடுத்துப் பார்த்து, 'அமிலாய்டு (உறுப்புகளில் படியும் கோளாறான புரதம்) இல்லை' என்று எழுதிவிட்டார்கள். புதுச்சேரி டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. சாம்பிள் வாங்கும் ஏஜென்ட், 'புதுசா சதை எடுத்து சென்னைக்கு அனுப்பணும், பேக்கேஜ் இருக்கு' என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எடுத்த கொழுப்பு மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது, அதுதான் பிளாக். அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை மட்டும் லேபில் நீட்டினால் போதாது, பிளாக்கையும் கேளுங்கள்.

அமிலாய்டுக்குப் போடுவது காங்கோ சிவப்புச் சாயம். வழக்கமான ஸ்லைடுக்கு 3, 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவுவார்கள். இதற்கு 8 முதல் 10 வேண்டும். மெல்லிசாகச் சீவினால் கொஞ்சமாகப் படிந்திருப்பது கண்ணில் படாமலே போகும். சாயம் ஏற்றியபின் காரம் (அல்கலி) கலந்த ஆல்கஹாலில் முக்கி மிச்சத்தை இறக்கும் முறையில், சில நொடி கூடினாலும் அமிலாய்டின் சிவப்பும் சேர்ந்து இறங்கிவிடும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் போலரைசர் என்ற ஒளி வடிகட்டி போட்டுப் பார்க்க வேண்டும்: அமிலாய்டு ஆப்பிள் பச்சையாக மின்னும், கொலாஜன் என்ற சாதாரண நார்ப்புரதம் வெள்ளையாக மின்னும். சாதா வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதுவதற்கு எதற்கு ஒரு ரிப்போர்ட்?

லேபில் மூன்றே கேள்வி: எத்தனை மைக்ரான்? போலரைசரில் பார்த்தீர்களா? அமிலாய்டு உள்ளதென்று தெரிந்த கன்ட்ரோல் ஸ்லைடும் கூடவே ஓடியதா? பதில் மழுப்பலாக வந்தால், அதே பிளாக்கில் புதிதாகச் சீவி வேறு இடத்தில் சாயம் போடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாம் ஒழுங்காகச் செய்து கொழுப்பில் 'இல்லை' என்று வந்தாலும், உடம்பில் இல்லை என்று ஆகாது. படிந்தது சிறுநீரகத்தில் இருக்கும், கொழுப்பில் இருக்காது, அப்படி நடப்பதுண்டு. அப்போது சிறுநீரக பயாப்ஸி தேவைப்படலாம். மறுபடியும் தொப்பையை வெட்டுவது அதற்கு மாற்றல்ல. எங்கே எடுப்பதென்று சிறுநீரக டாக்டர் சொல்லட்டும். கமிஷனுக்கு அலைகிறவர் சொல்ல வேண்டாம்.

அந்தப் பேக்கேஜில் பெரும்பாலும் அமிலாய்டு எந்த வகை என்று பிரிக்கும் சோதனையும் சேர்ந்திருக்கும். பச்சை தெரியாமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள். தெரிந்துவிட்டால் கட்டாயம் செய்யுங்கள். வகைக்கு வகை மருந்து வேறு.

பிளாக் நம்பரைச் சரிபார்த்து ரசீதோடு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். கைப்பையில் வைத்துப் புதுச்சேரி பஸ் ஏறுங்கள்.