பந்தல் பாகலில் மலட்டு ஈ: விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடப் படுகையில் இரண்டு ஏக்கரில் பந்தல் பாகல் பயிரிடும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பொறி வைத்தும் பிஞ்சில் ஈ குத்துவது குறையவில்லை. மலடாக்கிய ஆண் ஈக்களை வயலில் விட்டால் பழ ஈ அற்றுப்போகும் என்கிறார்களே. எங்கள் உழவர் குழு அதைச் செய்ய முடியுமா? எப்படிச் செய்தால் பலன் கூடும்?"

முறை உண்மையானது, ஆனால் அது இரண்டு ஏக்கருக்கான முறை அன்று. பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றைத் தாக்கும் இதே ஈயை ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் 1972-இல் குமே தீவில் தொடங்கி, 1993-க்குள் எல்லாத் தீவுகளிலிருந்தும் ஒழித்தார்கள். கூட்டுப்புழுப் பருவத்தில், ஈ வெளிவருவதற்குச் சற்று முன்பாகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் ஆண் ஈயின் விந்தணு சேதமடைகிறது. அதனுடன் கூடிய பெண் ஈ இடும் முட்டை பொரிப்பதில்லை. அங்கே சுற்றிலும் கடல் இருந்தது. நம் படுகையிலோ ஓர் ஊர்ப் பந்தல் முடியும் இடத்தில் அடுத்த ஊர்ப் பந்தல் தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஏற்கெனவே கருவுற்று வரும் பெண் ஈயை எந்த மலட்டு ஆணாலும் தடுக்க முடியாது.

பலனைத் தீர்மானிப்பது விகிதம். ஒரு தலைமுறையில் ஐந்து மடங்கு பெருகும் ஈக்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். வயலில் ஆயிரம் ஆண் ஈக்கள் இருக்கும்போது தலைமுறைக்கு ஒன்பதாயிரம் மலட்டு ஆண்களை விட்டால், பத்தில் ஒரு கூடல்தான் பலிக்கும்; ஆயிரம் ஐந்நூறாகும், அதே ஒன்பதாயிரத்தை மீண்டும் விட ஏறக்குறைய 130 ஆகும், அதற்கடுத்த தலைமுறையில் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதே ஒன்பதாயிரத்தைப் பத்தாயிரம் ஆண்கள் இருக்கும் வயலில் விட்டால், அடுத்த தலைமுறையில் இருபத்தாறாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே, ஈ மிகுந்திருக்கும்போது மலட்டு ஈயை விடுவது பணத்தை ஆற்றில் விடுவதாகும்.

எண்ணிக்கைக்கு அடுத்தது ஆணின் தரம். மலட்டு ஆண் பாதித் திறனோடு மட்டுமே போட்டியிட்டால், மேற்கண்ட ஆயிரம் ஐந்நூறாகக் குறையாமல் தொள்ளாயிரத்தில் நிற்கும். இந்த ஈக்கள் அந்தி நேரத்தில் இலைகளில் கூடுகின்றன. ஆண் சிறகை அதிரவைத்து அழைக்க, பெண் தேர்ந்தெடுக்கிறது. கதிர்வீச்சின் அளவு மிகுந்தால் ஆண் சோர்ந்துவிடும், குறைந்தால் மலடாகாது. ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்ந்த ஆண்களை ஏற்க மறுக்கும் காட்டுப் பெண் ஈக்கள் ஒகினாவாவிலேயே பதிவாகியுள்ளன. ஆதலால் வளர்ப்புக் கூட்டத்தில் அவ்வப்போது காட்டு ஈக்களைக் கலந்து புதுப்பிக்க வேண்டும். ஈ வெளிவந்த உடனே விடாமல், சர்க்கரையுடன் புரத உணவும் கொடுத்துச் சில நாள் முதிரவிட்டு விடுவது கூடும் திறனை உயர்த்துகிறது. மலட்டுப் பெண் ஈயும் காயைக் குத்தும் என்பதால், ஆண்களை மட்டும் பிரித்து விடுவதே விவசாயிக்கு நல்லது. பெண் கூட்டுப்புழு வெள்ளையாகவும் ஆண் பழுப்பாகவும் இருக்கும் வளர்ப்பினம் இதற்காகவே உருவாக்கப்பட்டுள்ளது.

தாங்கள் வைத்திருக்கும், கியூலூர் என்னும் கவர்ச்சிப்பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். மலட்டு ஆண்களையும் அது கொன்றுவிடும். எனவே பொறிகளை முதல் கட்டத்தில், ஈக்கூட்டத்தைக் குறைப்பதற்கு நெருக்கமாகப் பயன்படுத்திவிட்டு, மலட்டு ஈ விடும் கட்டத்தில் கண்காணிப்புக்குச் சிலவற்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மலட்டு ஈக்களுக்கு ஒளிரும் சாயம் பூசி விடுவது வழக்கம்; பொறியில் சாயமுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பார்த்தே அடுத்த முறை எவ்வளவு விடுவதென்று தீர்மானிக்க முடியும்.

இவை அனைத்துக்கும் வளர்ப்புக்கூடமும் கதிர்வீச்சு வசதியும் வேண்டும். ஒரு குழு தானாகச் செய்யக்கூடியது அன்று. ஆனால் முதல் கட்டம் முழுவதும் தங்கள் கையில் இருக்கிறது, மலட்டு ஈ வராவிட்டாலும் அது பலன் தரும். முதலில் வேலியைப் பாருங்கள். படுகை வேலிகளில் தானே படரும் கோவைக்கொடி இந்த ஈக்குப் பாகல் இல்லாத மாதங்களிலும் இடம் கொடுக்கிறது. குத்து வாங்கி வளைந்து மஞ்சளான பிஞ்சுகளைப் பறித்து வரப்பில் எறியாமல், பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். வரப்பில் கிடந்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பெண் ஈயையும் பிடிக்கக் கருவாட்டுப் பொறி உதவும். பழைய துண்டறிக்கைகளில் அதற்குச் சொல்லியிருக்கும் டைகுளோர்வாஸ் என்னும் பூச்சிமருந்து இப்போது நாட்டில் தடை செய்யப்பட்டது, அதை நாட வேண்டாம். மாற்று மருந்தை வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். பந்தலைச் சுற்றி மக்காச்சோளம் நட்டால் ஈ அதில் வந்து தங்கும். வெல்லமும் மருந்தும் கலந்த கவர்ச்சித் தெளிப்பை அங்கே மட்டும் அடித்தால் போதும்.

பொறியில் ஆண் குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் வெற்றியைக் கணிக்காதீர்கள். வாரந்தோறும் ஒரே எண்ணிக்கையில் பிஞ்சுகளைப் பறித்து, ஈரமணல் பரப்பிய வாளியில் வைத்து வாயைத் துணியால் கட்டி, எத்தனை ஈ வெளிவருகிறது என்று குறித்துவையுங்கள். அந்த எண் சேர்ந்தாற்போல் பல வாரம் இறங்கி, பக்கத்து ஊர்ப் பந்தல்காரர்களின் வாளியிலும் அப்படியே இறங்கினால், அந்தக் குறிப்பேட்டோடு வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி மலட்டு ஈயைப் பற்றிப் பேசலாம்.