டிமென்ஷியா மருந்து ஆய்வுக்குப் பல சமூகங்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் ஏன் வர வேண்டும்?

மருந்து ஆய்வு என்றால், சம்மதம் தந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புது மருந்தும் மற்றவர்களுக்கு அதே போலத் தெரியும், மருந்தில்லாத வெற்று மருந்தும் கொடுத்துப் பலனை ஒப்பிடுவது. நினைவும் சிந்தனையும் மங்கும் டிமென்ஷியாவில் அந்தப் பலனைப் பெரும்பாலும் கேள்வி கேட்டுத்தான் அளக்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

நினைவையும் சிந்தனையையும் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் எம்எம்எஸ்இ என்ற கேள்வித் தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5, வாசிக்க 1, வாக்கியம் எழுத 1, படத்தைப் பார்த்து வரைய 1. பள்ளிக்கே போகாமல் கோத்தகிரியில் கொழுந்து பறித்த ஒரு பாட்டிக்கு இந்த 8-ம் போனால் மிச்சம் 22. வழக்கமான எல்லைக்கோடோ 24; அதற்குக் கீழே போனால் டிமென்ஷியா சந்தேகம். நினைவு தெளிவாக இருந்தும் தாளில் அவர் நோயாளி! முள் தப்பாக நிற்கும் தராசில் யார் கொழுந்தைப் போட்டாலும் எடை தப்பாகத்தான் வரும்.

வீட்டில் படுக மொழியோ தோடர் மொழியோ பேசி வளர்ந்தவர் குழுவில் இருந்தால் இது முதல் நாளே கண்ணில் படும். ஆனால் கேள்வியை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மொழிபெயர்த்து, இன்னொருவரை விட்டுத் திருப்பி மொழிபெயர்த்து, நலமாக உள்ள முதியவர்களிடம் கேட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்தலாம். படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி முன்னால் படிவத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. இதையெல்லாம் முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும். அமெரிக்காவில் டிமென்ஷியா ஆய்வுக்கென்றே இம்பாக்ட்-ஏடி என்ற பயிற்சி இருக்கிறது.

டாக்டர்கள் மட்டுமே இதற்கு வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நர்ஸ், உளவியல் படித்தவர், புள்ளியியல் படித்தவர் என எல்லோருக்கும் ஆய்வுக் குழுவில் வேலை இருக்கிறது.