வாக்கி டாக்கி வாங்கப் போறீங்களா? வாட் பாக்காதீங்க, அலைவரிசையப் பாருங்க

ஈசூன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ஸ்கூல் லீவுல ரெண்டு குடும்பம் சேர்ந்து புலாவ் உபின் தீவுல சைக்கிள் ஓட்டப் போறோம். பிள்ளைங்க முன்னாடி பறந்துடுவாங்க, அவங்க கையில போன் கொடுக்க இஷ்டமில்ல. வாக்கி டாக்கி வாங்கலாம்னு பாத்தா ஆன்லைன்ல 5 வாட் செட் ஜோடியாவே மலிவா கிடைக்குது. அமெரிக்காவுல இருக்குற என் தம்பி, அங்க வாங்குன செட்ட கொண்டு வரேங்கிறான். இதுக்கெல்லாம் லைசன்ஸ் வேணுமா? எவ்ளோ தூரம் எடுக்கும்? தைப்பூசத்துல காவடியோட நடக்குறப்பவும், கார்ல மலேசியா போறப்பவும் இதையே யூஸ் பண்ணலாமா?"

அக்கா, நல்ல வேளை வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டீங்க. லைசன்ஸ் இல்லாம நீங்க தாராளமா வச்சுக்கக்கூடிய செட் சிங்கப்பூர்ல இருக்கு, ஆனா நீங்க சொன்ன ரெண்டுமே அது இல்ல.

இங்க வீட்டு உபயோகத்துக்கு லைசன்ஸ் கேக்காத வாக்கி டாக்கி 446 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுறது, பவர் அரை வாட்டுக்கு மேல போகாது. பெட்டியில பிஎம்ஆர் 446னு போட்டிருக்கும். 1990கள் கடைசியில ஐரோப்பாவுல ஆரம்பிச்ச ஏற்பாடு இது, 446.0ல இருந்து 446.1 வரைக்கும் உள்ள சின்ன இடத்த 8 சேனலா பிரிச்சிருக்காங்க, முதல் சேனல் 446.00625, அதுக்கப்புறம் ஒவ்வொன்னும் 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. ஆன்டெனாவ கழட்ட முடியாது, செட்டோட ஒட்டியே இருக்கும். அது மலிவுக்காகப் பண்ணது இல்ல, விதியே அப்படித்தான். பெரிய ஆன்டெனா மாட்டி ஊர் முழுக்க அலைய அடிச்சா பக்கத்துல இருக்குறவங்க யாரும் பேச முடியாதுல்ல, எல்லாரும் ஒரே 8 சேனலத்தான் பங்கு போட்டுக்குறோம்.

இப்ப அந்த 5 வாட் செட்டுக்கு வருவோம். சீனாவுல இருந்து வர்ற, ரெண்டு பேண்ட் எடுக்குற, நம்பர் அடிச்சு எந்த அலைவரிசைக்கு வேணும்னாலும் மாத்துற மாதிரி செட்டுங்க. "அதை 446க்கு செட் பண்ணி, லோ பவர்ல வச்சுக்கிட்டா போச்சு"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதக் கேக்காதீங்க. லோ பவர்லயும் அது அரை வாட்டுக்கு மேல போகலாம், ஆன்டெனா கழட்டி மாத்துற மாதிரி இருக்கும், அதுக்கும் மேல, பிள்ளைங்க கையில ரெண்டு பட்டன தப்பா அமுக்குனா வேற யாரோ வேலைக்குப் பயன்படுத்துற அலைவரிசையில போய் பேச ஆரம்பிச்சுடும். அந்தப் பக்கம் இருக்குறது ஒரு கட்டுமானத் தளத்துல கிரேனுக்கு சிக்னல் கொடுக்குறவரா இருக்கலாம், அவர் காதுல உங்க பையன் "அம்மா பசிக்குது"ன்னு சொன்னா அது விளையாட்டு இல்ல. லைசன்ஸ் இல்லாம இப்படி அலை அனுப்புறது தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். கம்பெனிங்க, செக்யூரிட்டி ஆளுங்க பெரிய பவர் செட் வச்சிருக்காங்களேன்னு கேட்டா, அவங்க ஐஎம்டிஏகிட்ட (இங்க தொலைத்தொடர்பக் கவனிக்குற அரசு அமைப்பு) லைசன்ஸ் எடுத்து, அலைவரிசைக்குப் பணம் கட்டி வச்சிருக்காங்க.

தம்பி கொண்டு வர்ற செட்டும் அதே கதைதான். அமெரிக்காவுல குடும்பத்துக்குன்னு விக்குற செட் 462, 467 மெகாஹெர்ட்ஸ்ல 22 சேனல்ல ஓடும், 2017க்கு அப்புறம் அதுல சில சேனல்ல 2 வாட் வரைக்கும் அனுமதிச்சிட்டாங்க. அங்க அது லைசன்ஸ் இல்லாத செட், இங்க அப்படி இல்ல. ஒரே கம்பெனி, பாக்க ஒரே மஞ்சக் கலர், உள்ள அலைவரிசை மட்டும் வேற. அதனால பிராண்ட் பேர நம்பி வாங்காதீங்க, எந்த ஊருக்குன்னு செஞ்சதுன்னு பாருங்க. இங்க வாங்குன 446 செட்ட தம்பிக்குப் பரிசா அனுப்பலாம்னும் நினைச்சிடாதீங்க, அங்க 446 அமெச்சூர் ரேடியோகாரங்களோட இடம், பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குனவங்க மட்டும்தான் அதுல பேசலாம்.

கடையில எப்படி கண்டுபிடிக்கிறது? செட்டத் திருப்பி, பேட்டரி மூடியத் திறந்து பாருங்க, இல்லாட்டி பெட்டி மேல பாருங்க. "ஐஎம்டிஏ தரநிலைக்கு உட்பட்டது"ன்னு ஆங்கிலத்துல ஒரு சின்ன ஸ்டிக்கர், அதுக்குக் கீழ டிஏ அல்லது டிபின்னு ரெண்டு எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும். அந்த நம்பர் வித்த டீலரோட லைசன்ஸ் நம்பர். ஸ்டிக்கர் இல்லன்னா கடைக்காரர்கிட்ட மாடல் நம்பர் கேட்டு வாங்கி, ஐஎம்டிஏ தளத்துல பதிவான கருவிங்க பட்டியல்ல தேடிப் பாருங்க, யார் வேணும்னாலும் தேடலாம். சிம் லிம் ஸ்கொயர்ல வாங்குனாலும் ஆன்லைன்ல வாங்குனாலும் இந்த ஒரு சோதனைய மட்டும் விடாதீங்க. ஆன்லைன்ல "5000 கிலோமீட்டர் ரேஞ்ச்"னு போட்டு ஒன்னு விப்பாங்க, அது சிம் கார்டு போட்டு மொபைல் நெட்வொர்க் வழியா பேசுற செட், டவர் கிடைக்காத இடத்துல அது வெறும் டப்பா.

சரி, தூரம். இதுதான் எல்லாரும் ஏமாறுற இடம், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். பெட்டியில 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க. அது முழுப் பொய்னு சொல்ல முடியாது, ஒன்னரை மீட்டர் உயரத்துல செட்ட புடிச்சிருக்குற ஒருத்தருக்கு ரேடியோ அலையோட அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், எதிர்ல இருக்குறவருக்கும் ஒரு 5, ரெண்டும் சேத்தா 10. ஆனா அது நடுவுல ஒரு மரம்கூட இல்லாத தட்டையான வெளியில கணக்குப் போட்டது. சிங்கப்பூர்ல அப்படி ஒரு இடம் காட்டுங்க பாப்போம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையோரமா நேரா பாத்தா ஒன்னு, ஒன்னரை கிலோமீட்டர் எதிர்பாக்கலாம். எச்டிபி அடுக்குமாடி பிளாக்குங்களுக்கு நடுவுல சில நூறு மீட்டர்தான். மெக்ரிட்சி மாதிரி அடர்ந்த காட்டுல மழை பெஞ்ச ஈர இலை வேற அலைய குடிச்சிடும்.

அப்போ 5 வாட் வச்சிருந்தா பத்து மடங்கு தூரம் போகுமான்னா, போகாது. பவர் பத்து மடங்கு ஏறினா, எதுவும் மறைக்காத வெளியிலகூட தூரம் மூணு மடங்கு சொச்சம்தான் கூடும், நடுவுல கான்கிரீட் இருந்தா அதுவும் இல்ல. நீங்க எங்க நிக்குறீங்கங்கறதுதான் முக்கியம். 446ல அலையோட நீளம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர், அதனால ஜன்னல் வழியா, காரிடார் திறப்பு வழியா நல்லா வெளிய போயிடும், இரும்புப் பெட்டிக்குள்ள மாட்டுனா செத்துடும். பத்தாவது மாடி ஜன்னல்ல நின்னு கீழ ப்ளேகிரவுண்ட்ல இருக்குற பிள்ளைகிட்ட பேசுங்க, தெளிவா கேக்கும். அதே பிள்ள லிஃப்ட்டுக்குள்ள ஏறி கதவு மூடுன அடுத்த வினாடி கரகரன்னு ஆயி நின்னுடும், அதுக்காக செட் கெட்டுப் போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க. பேசும்போது செட்ட நேரா நிமித்தி, முகத்துல இருந்து ஒரு கை அகலம் தள்ளி வச்சுப் பேசணும். இடுப்புல கிளிப் போட்டுக்கிட்டு இயர்போன்ல பேசுனா உடம்பே பாதி அலைய மறைச்சிடும்.

உபின்ல இது நல்லா உதவும்னுதான் நினைக்கிறேன். அங்க சில இடத்துல போன் மலேசியா டவர புடிச்சுக்கிட்டு ரோமிங்குக்குப் போயிடும் (போறதுக்கு முன்னாடி ரோமிங்க ஆஃப் பண்ணி வைங்க, பில் வந்ததும் அழாம இருக்கலாம்). ஆனா குவாரி மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா சிக்னல் போகாது, அதனால பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பதில் வரலன்னா அந்த இடத்துலயே நில்லு, இல்லன்னா கடைசியா அம்மா குரல் கேட்ட இடத்துக்குத் திரும்பி வா. பட்டன அமுக்கி ஒரு வினாடி விட்டுப் பேசச் சொல்லிக் கொடுங்க, இல்லன்னா முதல் வார்த்த வெட்டுப்பட்டுடும், "போகாத"ங்கறது "காத"ன்னு போய்ச் சேரும். அடிபட்டா, மயங்கி விழுந்தா இந்த செட்ல யாரும் வர மாட்டாங்க, ஆம்புலன்ஸுக்கு 995 அடிக்க பெரியவங்க கையில போன் இருந்தே ஆகணும்.

இன்னொன்னு, பிரைவசி கோட். செட்ல சேனலுக்குப் பக்கத்துல 1ல இருந்து 38 வரைக்கும் ஒரு நம்பர் வரும், அதப் போட்டா நம்ம பேச்சு ரகசியம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. அது பேச்சோட சேத்து அனுப்புற ஒரு மெல்லிய முனகல் சத்தம், அந்த சத்தம் வந்தாதான் உங்க ஸ்பீக்கர் திறக்கும், அவ்ளோதான். அதாவது மத்தவங்க பேச்சு உங்களுக்குக் கேக்காது, உங்க பேச்சு எல்லாருக்கும் கேக்கும். கோட் போடாத செட்ட வச்சிருக்குற யாரும் கேட்டுக்கிட்டு இருக்கலாம். அதனால பிள்ளையோட முழுப் பேரு, பிளாக் நம்பர், "வீட்டுல யாரும் இல்ல" மாதிரி விஷயம் எதுவும் அதுல பேசக் கூடாது, செல்லப் பேரு போதும். ரெண்டு குடும்பமும் வேற வேற கம்பெனி செட் வச்சிருந்தா கோட் நம்பர் ஒத்துப் போகாமலும் போகலாம், மேனுவல்ல அந்தக் கோடுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்னு பாருங்க, நிறைய செட்ல 12ன்னா 100.0 ஹெர்ட்ஸ். ரெண்டுலயும் ஹெர்ட்ஸ் ஒன்னா இருந்தா பேசிக்கும். சில புது செட்டுங்கள்ல 16 சேனல் இருக்கும், ஆனா நான் முன்னாடி சொன்ன 446.0ல இருந்து 446.1க்குள்ள வர்றது முதல் 8தான், அதுலயே இருங்க.

தைப்பூசத்துக்கும் தாராளமா கொண்டு போகலாம், ஆனா சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருக்குறவர் டேங்க் ரோட்ல இருக்குறவர்கிட்ட நேரா பேச முடியும்னு எதிர்பாக்காதீங்க. நடுவுல கட்டடம், கூட்டம், எல்லாம் இருக்கு. காவடி கூட ஒரு செட், தண்ணி, பால் குடத்தோட பின்னாடி வர்றவங்ககிட்ட ஒரு செட், முன்னாடி போய் இடம் பாக்குறவர்கிட்ட ஒன்னு, தூரம் ஜாஸ்தியானா நடுவுல இருக்குறவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லணும். உறுமி சத்தத்துல ஸ்பீக்கர் கேக்காது, காதுல மாட்டுற இயர்பீஸ் ஒன்னு கட்டாயம் வாங்கிடுங்க. பட்டன அமுக்காமலே குரல் கேட்டா ஆன் ஆகுற வசதி இருந்தா அதை ஆஃப் பண்ணிடுங்க, மேள சத்தத்துக்கு அது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், சேனல்ல வேற யாரும் பேச முடியாது.

மலேசியா விஷயம் தனி. உங்க 446 செட்ட எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி அவங்க தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி தளத்துல இப்ப என்ன விதின்னு ஒரு தடவ பாத்துக்குங்க. நான் அதைவிட முக்கியமா சொல்றது திரும்பி வர்ற வழி: ஜேபி (ஜோகூர் பாரு) கடையில 477 மெகாஹெர்ட்ஸ் செட் விப்பாங்க, அது அந்த ஊர்க்காரங்களுக்கான அலைவரிசை, மலிவா இருக்கேன்னு வாங்கிட்டு வராதீங்க. இங்க அத ஆன் பண்ணவே கூடாது, ரேடியோ கருவிங்க கட்டுப்பாடு உள்ள பொருள் வேற, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில கேட்டா பதில் சொல்லணும். ரெண்டு கார் ஹைவேயில போறப்ப கார் தகடு அலைய மறைக்கும், ஜன்னல் ஓரமா புடிச்சுப் பேசுனாலும் முன்னாடி பின்னாடி ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குற தூரத்துக்கு மேல ரொம்ப எதிர்பாக்காதீங்க, ஓட்டுறவர் கையில செட்ட கொடுக்காம பக்கத்து சீட்ல இருக்குறவர் பேசட்டும்.