பைதானுக்குள் ஒரு பூக்கல் மொழி

கேள்வி: ஐயா, ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றுக்காக, தரையில் பூ எப்படி அமையும் என்று காட்டும் நிரலைப் பைதான் என்ற கணினிமொழியில் எழுதி வருகிறேன். வடிவங்களைச் சுருக்கமாகக் குறிக்க ஒரு சிறுமொழி தேவைப்படுகிறது. அதைத் தனியாக உருவாக்குவதா, பைதானுக்குள்ளேயே அமைப்பதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பைதானுக்குள்ளேயே அமையுங்கள். தனிமொழி என்றால் இலக்கணம் வகுப்பது முதல் பிழை சுட்டுவது வரை அனைத்தும் உங்கள் பொறுப்பாகிவிடும்; பைதானுக்குள் உட்பொதித்த மொழிக்கோ மாறிகளும் செயற்கூறுகளும் இடங்கொடுத்த பைதானிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. பைதான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், 'சுழற்று' என்றே எழுதலாம்.

உங்கள் வேலைக்கு முன்னோடியும் உண்டு. டச்சு ஓவியர் எஷரின் மீன் ஓவியம் ஒன்றை, திருப்புவது, பக்கத்தில் வைப்பது, மேலே வைப்பது போன்ற ஒருசில செயல்களை இணைத்தே விவரிக்கலாம் என்று கணினி அறிஞர் பீட்டர் ஹென்டர்சன் 1982-இல் காட்டினார். ஒரே கல்லை நான்கு முறை திருப்பி வைத்துப் பூவை முடிக்கும் கொத்தனாருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

'|' குறிக்குப் பக்கத்தில் என்றும், '/' குறிக்கு மேல்கீழாக என்றும் பொருள் கொடுக்கலாம். ஆனால் குறிகளின் முன்னுரிமை, அதாவது எது முதலில் செயல்படும் என்பது, பைதானுடையது. அதை நீங்கள் மாற்ற முடியாது. க, ச, ட, த என்பவை நான்கு கற்கள் என்று கொள்வோம். 'க | ச / ட | த' என்று எழுதினால் '/' முதலில் செயல்பட்டு, ச, ட இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று பூ சிதைந்துவிடும். '(க | ச) / (ட | த)' என்று அடைப்புக்குறி இட்டே தீர வேண்டும்.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. 'சுழற்று' என்றதும் படத்தை வரைந்துவிடாதீர்கள். என்ன கேட்கப்பட்டது என்பதை மரவடிவில், அதாவது எந்தச் செயலுக்குள் எது அடங்குகிறது என்று கிளைகிளையாக, சேர்த்து வையுங்கள். இதையே ஆழ்ந்த உட்பொதிப்பு என்பார்கள். முதலில் வேலை கூடுதல்தான். ஆனால் அதே மரத்திலிருந்து படத்தையும் வரையலாம், முற்றத்துக்கு எந்தக் கல் எத்தனை வேண்டும் என்றும் எண்ணலாம். உடனே வரைந்துவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு வழியில்லை.

ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர்கள் இணையம் வழியாக அனுப்பும் வரிகளை அப்படியே பைதானிடம் இயக்கக் கொடுக்காதீர்கள். கோப்புகளை அழிக்கும் கட்டளையும் அதே வழியில் நுழைந்துவிடும். அவர்களுக்கு மட்டும் பின்னாளில் ஒரு சிறு தனிமொழி எழுதி, அதே மரத்தை உருவாக்கச் செய்தால் போதும்.