கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே எங்கே அறுகிறது? – கேள்வி பதில்

வீட்டுக் கணினி வைஃபை ரவுட்டரோடு இணைய மறுக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் விண்டோஸ் பயன்படுத்துவதால் பொத்தான்களின் பெயரை அதிலிருந்தே சொல்கிறேன். மற்ற இயங்குதளங்களில் பெயர்கள் மாறும். கோளாறுகளின் காரணங்கள் மாறுவதில்லை.

கேள்வி: ஐயா, நேற்று வரை வேலை செய்த மடிக்கணினி இன்று "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்கிறது. ரவுட்டரின் பின்புறம் இருக்கும் சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். அழுத்தலாமா?

பதில்: தயவுசெய்து அழுத்தாதீர்கள். அந்தத் துளை ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு இல்லை. அதிலுள்ள அமைப்புகள் அத்தனையையும் அழித்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவதற்கு. உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போகும். இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர் ரவுட்டரில் பதியப்பட்டிருந்தால் அதுவும் போகும். ஒரு கணினியில் மட்டும் இருந்த தொல்லை வீடு முழுக்கப் பரவிவிடும். மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் விட்டு மீண்டும் போடுவது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

அதற்கும் முன்னால், எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு துண்டு. இந்த இரண்டில் எது அறுந்தது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் அது குருட்டு வைத்தியம்தான். கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். மறக்காமல் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வைஃபை செத்துக் கிடக்கும்போதும் அது மொபைல் டேட்டா வழியாகப் பக்கத்தைத் திறந்து காட்டி நம்மை ஏமாற்றும். இந்த ஒரு காரணத்தால் தவறான திசையில் மணிக்கணக்காகத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியிலும் வரவில்லை என்றால் உங்கள் கணினி குற்றமற்றது. ரவுட்டரையோ அதற்குப் பின்னால் வரும் கம்பியையோ கவனியுங்கள். கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால், கணினியின் ஐபி முகவரி, அதாவது வலைப்பின்னலில் அதை அடையாளம் காட்டும் எண், என்ன என்று பார்த்து எழுதுங்கள். வைஃபை அமைப்புகளில் இணைப்பின் விவரங்களைத் திறந்தால் அது இருக்கும்.

கேள்வி: துளையைப் பற்றிக் கேட்டவன் நான்தான். கைப்பேசியில் இணையம் வருகிறது. மடிக்கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இது நல்லதா, கெட்டதா?

பதில்: கெட்டது. ஆனால் மிகவும் பயனுள்ள தடயம். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர்தான் ஒரு முகவரி கொடுக்கிறது. அந்த ஏற்பாட்டின் பெயர் டிஎச்சிபி. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உங்கள் கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அதுதான் 169.254. அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது.

ஆக, வானொலி அலை சரியாகப் போய்வருகிறது, கடவுச்சொல்லும் சரி. முகவரி வாங்கும் இடத்தில்தான் தடங்கல். வைஃபை பட்டியலில் உங்கள் வலைப்பின்னலின் பெயரை "மறந்துவிடு" என்று நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிதாக இணையுங்கள். விபிஎன் அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏதாவது அண்மையில் போட்டீர்களா, நீக்கினீர்களா என்றும் யோசியுங்கள். அவை விட்டுச்செல்லும் எச்சங்கள் சில நேரம் இந்த உரையாடலை மறித்துவிடுகின்றன. அதிலும் நகரவில்லை என்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, டிஎச்சிபி என்ற இடத்தில் எத்தனை முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். பல ரவுட்டர்களில் 192.168.0.1 அல்லது 192.168.1.1.

கேள்வி: புது ரவுட்டர் வாங்கினோம். கைப்பேசிகளில் பெயர் தெரிகிறது. பழைய மடிக்கணினியில் அண்டை வீட்டார் பெயர்களெல்லாம் வருகின்றன, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லை!

பதில்: அண்டை வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. கணினியின் வைஃபை உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் ரவுட்டர் பேசும் இடத்தில் அது காது கொடுக்கவில்லை.

வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பட்டைகளில் ஒலிபரப்புகின்றன. பழைய கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். புது ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் உங்கள் மடிக்கணினியைப் பொறுத்தவரை அந்த ரவுட்டரே வீட்டில் இல்லை. அமைப்புப் பக்கத்தில் முதலில் அதைப் பாருங்கள்.

2.4 ஓடுகிறது, ஆனாலும் தெரியவில்லை என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். ஒரு பட்டைக்குள் இருக்கும் சிறு பிரிவுகள்தான் சேனல்கள். 12, 13 ஆகிய சேனல்கள் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டவை. ஆனால் அமெரிக்கச் சந்தைக்காக அமைக்கப்பட்ட கணினிகள் பொதுவாக 11க்கு மேல் தேடுவதில்லை. ரவுட்டர் தானாக 13ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் கைப்பேசிக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைக் கையால் போட்டுவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அந்த மூன்றும் என்பதால் நான் எப்போதும் அவற்றையே சொல்வேன்.

இதையொட்டி இன்னொருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் சில நேரம் மறைந்து, சற்றுக் கழித்துத் திரும்பி வருகிறதாம். அந்தப் பட்டையின் ஒரு பகுதியில் ரேடார்களும் இயங்குகின்றன. 52ஆம் எண்ணிலிருந்து 144 வரையுள்ள சேனல்களை எடுக்கும் ரவுட்டர், குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று உற்றுக் கேட்ட பிறகே பேசத் தொடங்க வேண்டும். நடுவில் ரேடார் கேட்டால் உடனே இடம்விட்டுப் போக வேண்டும். 36 முதல் 48 வரையுள்ள சேனல்களுக்கு மாற்றினால் இந்தக் கண்ணாமூச்சி நின்றுவிடும்.

கேள்வி: என் கணினியில் எந்தப் பெயருமே வரவில்லை. வைஃபை சின்னமே காணவில்லை.

பதில்: மூன்று இடங்களைப் பாருங்கள். சில மடிக்கணினிகளின் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு சிறு விசை இருக்கும்; சிலவற்றில் விசைப்பலகையில் ஆன்டெனா படம் போட்ட பொத்தான். விமானப் பயன்முறையும் தெரியாமல் விழுந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பைத் திறங்கள். அங்கே வைஃபை கருவியின் பெயர் இல்லாமலோ மஞ்சள் முக்கோணத்தோடோ இருந்தால் பெரும்பாலும் அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை என்று பொருள். விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று திகைக்க வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிருங்கள்.

கணினியை "ஷட் டவுன்" செய்து பார்த்தும் மாறவில்லை என்று எழுதியவர்களுக்கு: விண்டோஸ் 8 முதல் பல கணினிகளில் ஷட் டவுன் முழு அணைப்பு ஆவதில்லை. விரைவாகத் தொடங்குவதற்காக இயங்குதளத்தின் உள்மையத்தையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் சேமித்துவைத்து அப்படியே திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழுந்துவரும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

கேள்வி: கடவுச்சொல் சரிதான், நூறு முறை போட்டுவிட்டேன். "இந்த வலைப்பின்னலோடு இணைய முடியவில்லை" என்றே வருகிறது.

பதில்: நூற்றோராவது முறை போடும்போது கண் படத்தை அழுத்தி, நீங்கள் தட்டுவது திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தாலோ, பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறியிருந்தாலோ அப்போதுதான் தெரியும். எழுத்து சரி என்றால் பழைய பதிவை நீக்கிவிட்டு இணையுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்பது 2018இல் வந்தது. ரவுட்டர் அதை மட்டும் ஏற்பதாக அமைந்திருந்தால் அதற்கு முந்தைய கணினிகள் பல, கடவுச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஏன் இவ்வளவு தொல்லை? கடவுச்சொல்லை எடுத்துவிட்டுத் திறந்துவைத்தால் என்ன? அல்லது பழைய டபிள்யூஇபி முறை போதாதா?

பதில்: போதாது. 2001லேயே அதை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவைப்பது அதைவிட மோசம்; உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் கேள்வி உங்களைத் தேடித்தான் வரும். கடவுச்சொல்லுக்குப் பதில் எட்டு இலக்க ரகசிய எண்ணைக் கொடுத்து இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் அது இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடிபட்டுவிடும் என்பது 2011இல் தெரியவந்தது. ஒரு சின்ன வசதிக்காக வீட்டுச் சாவியை வாசலில் மாட்டிவைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேசைக் கணினி ரவுட்டருக்கு மூன்றடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சிக்னல் ஒரு கோடுதான். யூஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் போட்டிருக்கிறேன்.

பதில்: அந்த அடாப்டர் கணினியின் பின்புறம் செருகப்பட்டிருக்கிறதா? அப்படியானால் உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அது அடைபட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் யூஎஸ்பி 3 வன்வட்டு ஏதாவது செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. என் மேசையிலேயே இதைக் கண்டேன். வன்வட்டில் கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கினால் வைஃபை விழும், நகலெடுத்து முடிந்ததும் எழும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போட்டு அடாப்டரை மேசை மேல் கொண்டுவந்து வைத்தேன், அன்றோடு தீர்ந்தது.

கணினிக்குள்ளேயே வைஃபை அட்டை இருப்பவர்கள் பின்புறம் பாருங்கள். திருகிப் பொருத்த வேண்டிய இரண்டு ஆன்டெனாக்கள் இன்னும் பெட்டியின் அட்டைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்களைப் போல மூன்றடிக்குள் ரவுட்டர் இருப்பவர்கள் ஒரு லேன் கம்பியைச் செருகிவிடுவதே நல்லது. நகராத கணினிக்கு வைஃபை தேவையே இல்லை.

கேள்வி: மடிக்கணினி தூங்கி எழுந்ததும் வைஃபை வரமாட்டேன் என்கிறது.

பதில்: டிவைஸ் மேனேஜரில் வைஃபை கருவியின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லாத கணினிகளும் உண்டு. அவற்றில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்துப் போடுவதுதான் வழி.

கேள்வி: வைஃபை இணைகிறது, ரவுட்டர் பக்கமும் திறக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது.

பதில்: திரையின் மூலையில் தேதி என்ன காட்டுகிறது? பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் வைஃபை மேல் பழி இல்லை. தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. தவறான தேதியில் இருக்கும் கணினி அவை எதையும் நம்பாது. தேதியைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் போகும்போதெல்லாம் மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

கேள்வி: 169.254 என்று எழுதியவன் மீண்டும் வந்திருக்கிறேன். ரவுட்டரில் 192.168.1.100 முதல் 119 வரை என்று போட்டிருக்கிறது. நேற்று இரண்டு கண்காணிப்பு கேமராக்கள் மாட்டினோம். அதனாலா?

பதில்: அதனால்தான். 100 முதல் 119 வரை என்றால் மொத்தம் 20 முகவரிகள். கைப்பேசிகள், தொலைக்காட்சி, விளக்குகள் எல்லாம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டவை போக மிச்சமிருந்ததைக் கேமராக்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. கைப்பேசி தன் பழைய முகவரியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததால் தப்பித்தது. உங்கள் மடிக்கணினி இரவெல்லாம் அணைந்திருந்தது. ரவுட்டர் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கும்; அந்தத் தவணை முடிந்து, அந்த இடம் வேறொன்றுக்குப் போய்விட்டது. கடைசி எண்ணை 119க்குப் பதில் 199 என்று மாற்றிச் சேமியுங்கள். அச்சுப்பொறிக்கு நிலையான முகவரி ஏதாவது கொடுத்திருந்தால் அது இந்த எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மடிக்கணினியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.